மணிக்கென்று ஒரு தொகை

நாட்டு நாய்க்குட்டிதானே, நம் சோற்றிலேயே வளர்ந்துவிடும் என்றுதான் மணியைத் தூக்கி வந்தோம். மூன்றாம் மாதம் பார்வோ வைரஸ் நோய் வந்தது. இரத்தமாகப் போனது, தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. அந்த ராத்திரியில் எந்த டாக்டரிடம் ஓடுவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. விடிந்ததும் ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். தினமும் டிரிப்ஸ் ஏற்றினார்கள்; ஐந்தாம் நாள் மணி வாலாட்டினான்.

பிறந்த 6 முதல் 8 வாரத்துக்குள் போட வேண்டிய முதல் தடுப்பூசியை நாங்கள் போடவில்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது. இப்போது சம்பளம் வந்ததும் மணிக்கென்று 500 ரூபாய் தனியே எடுத்து வைக்கிறோம். ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து எல்லாம் அதிலிருந்துதான்.

குட்டி எடுக்கும் முன்பே, பக்கத்து அரசு கால்நடை மருந்தகம் எங்கே, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று நேரில் போய்க் கேட்டு வாருங்கள்.