தாயத்தும் மருந்துச் சீட்டும்

மேடையேறிப் பேசிவிட்டு இறங்குகிறவன், தான் பேசியது முழுமைதானா என்று எண்ணிப் பார்ப்பது அரிது. கைதட்டல் அவன் காதை அடைத்துவிடுகிறது. என் காதைத் திறந்துவிட்டவள் ஒரு தாய். எழுதப் படிக்க அறியாதவள். ஏடுகள் பல புரட்டியவன் என்ற செருக்கோடு நின்ற என்னிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஆண்டுகள் முப்பதுக்கு மேல் உருண்டோடிய பின்னும், அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை!

1988-ஆம் ஆண்டு, ஐப்பசித் திங்கள், அடைமழைக் காலம். வட மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் படிப்பக ஆண்டு விழா. எனக்கு வயது இருபத்து மூன்று. மூடநம்பிக்கையை முறியடிப்பதே அன்றைய பேச்சு. தாயத்தைத் தாக்கினேன்; மந்திரித்த கயிற்றை மறுத்தேன்; வேப்பிலை அடித்துப் பேயோட்டுபவனை வெளுத்து வாங்கினேன். கூட்டம் சிரித்தது, ஆர்த்தது, கலைந்தது. இரவு அவ்வூரிலேயே தங்கினேன்.

மறுநாள் காலை, அடுத்த தெருவில் ஒரு குடிசைத் திண்ணை. ஒரு தாய், அவள் மடியில் இரண்டு வயதுக் குழந்தை. மூச்சு வாங்கும்போதெல்லாம் விலா எலும்பின் கீழே குழி விழுகிறது. கழுத்திலோ கறுப்புக் கயிறு! நேற்றைய கைதட்டல் என் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. "அக்கா! அறுத்தெறியுங்கள் இதை! கயிறா நோயைக் கட்டும்? மருந்து வாங்கிக் கொடுக்கக்கூடாதா?" என்றேன்.

அவள் சீறவில்லை, சினக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிப்போன மருந்துச் சீட்டொன்றை எடுத்து நீட்டினாள்.

"தம்பி! டாக்டர்கிட்டயும் போனேன். இந்தக் கயிறு ஒண்ணேகால் ரூபா, அதுவும் கடன். அவர் எழுதிக் குடுத்த புட்டி எனக்கு மூணு நாள் கூலி. ரெண்டு புட்டி வேணும்னாரு. ஒண்ணு வாங்கினேன். கடைக்காரர் கடன் தரமாட்டாராம். நீயே சொல்லு, நான் எதை அறுக்கட்டும்?"

நான் வாயடைத்து நின்றேன். நேற்றிரவு ஒரு மணி நேரம் முழங்கியவன், அவளுடைய ஒரு நிமிடக் கேள்விக்கு விடையின்றி நின்றேன்!

உள்ளே அழைத்துக் காட்டினாள். தூளில் காய்ச்சி ஆறிய நீர் ஊற்றிக் குலுக்கும் மருந்துப் புட்டி அது. குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டுமாம். குடிசையில் குளிர்ப்பெட்டி ஏது? மண்பானைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்திருந்தாள். ஒரு கரண்டி கொடுக்கச் சொன்னதை அவள் அரைக் கரண்டியாக்கியிருந்தாள். ஒரு புட்டியை இரண்டு புட்டியாக நீட்டிவிடும் ஏழையின் கணக்கு! அவள் அறியாமையில் செய்த பிழையன்று அது. இல்லாமை செய்வித்த பிழை. அரை மருந்து நோயை அழிக்காது. கிருமிக்குப் பயிற்சி கொடுத்து, அடுத்த முறை அம்மருந்துக்கே அஞ்சாதபடி அதை வளர்த்துவிடவும் கூடும்.

படிப்பகத் தோழர்கள் துண்டேந்தினர். இரண்டாவது புட்டி வந்தது. சில நாட்களில் அந்தக் குழந்தை எழுந்து உட்கார்ந்தது. "வென்றோம்!" என்று பூரித்தேன். பூரிப்பு நீடிக்கவில்லை. அதே தெருக்கோடியில், அதே வாரத்தில், பேதியால் வாடிய பச்சிளங்குழந்தை ஒன்று இறந்துபோனது எங்கள் செவிக்கு எட்டியது. "வயிறு போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டாதே" என்று ஊர்ப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்களாம். அந்த வீட்டில் உப்பு இருந்தது, வெல்லம் இருந்தது, பானை நிறையத் தண்ணீரும் இருந்தது. மருந்து அடுப்படியிலேயே இருக்க, குழந்தை நாவறண்டு மாண்டது!

தோழர்களே! ஒரே தெரு, இரண்டு குழந்தைகள். ஒன்றுக்கு எமனாக வந்தது விலை, மற்றொன்றுக்கு மடமை. மடமையோடு மட்டும் மல்லுக்கு நின்ற நான், விலை என்னும் மற்றக் கொலைகாரனைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அன்று தொடங்கியது என் படிப்பு.

மடமையை வென்ற கதையை முதலில் சொல்கிறேன். 1971. வங்கதேசப் போரில் இலட்சோபலட்சம் அகதிகள் எல்லை கடந்து வந்தனர். பன்காவ் முகாமில் காலரா கொடிகட்டிப் பறந்தது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலநபிஸ் துணிந்தார். உப்பும் குளுக்கோசும் அளவாய்க் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உற்றார் உறவினர் கையாலேயே நோயாளிக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று! சர்க்கரைச் சத்து உடனிருந்தால், பேதியிலும் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற அறிவியல் உண்மைதான் அங்கு நின்ற தெய்வம், வேறில்லை. 1980-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில், வங்கதேசத்தின் பிராக் நிறுவனத்துப் பெண்கள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் படியேறி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அளவான நீர் என்று தாய்மார்களுக்குக் கற்பித்தனர். இதுவல்லவா பிரசாரம்! உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தோடு துத்தநாக மாத்திரையும் பத்து முதல் பதினான்கு நாட்கள் தரவேண்டும் என்று உலக நல நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் அறிவித்தன. இரண்டையும் சேர்த்துக் கட்டிய பொதி, 2019-இல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஏறியது.

இனி விலையின் கதை. விடுதலை பெற்ற இந்தியாவில், மருந்துக்கான காப்புரிமைகளில் மிகப்பெரும் பங்கு அயல்நாட்டார் கையில் இருந்தது. 1961-இல், கெஃபோவர் தலைமையிலான அமெரிக்க செனட் குழுவே, மருந்து விலை மிகுந்த நாடுகளில் ஒன்று இந்தியா எனக் குறித்தது. ஏழை நாட்டில் எட்டாத விலை! நீதிபதி இராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கையின் வழியில் பிறந்தது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். 1972-இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டுமே உண்டு. அதற்கும் ஏழாண்டுக்கு மேல் இல்லை என்றது சட்டம். வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய நம்மவர் கற்றனர். விலை விழுந்தது. 2001-இல், ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரும் அதற்கு மேலும் விற்ற எய்ட்ஸ் கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தது இந்திய நிறுவனமான சிப்லா. உலக வணிக உடன்பாட்டின் விளைவாகப் பொருளுக்கான காப்புரிமை 2005-இல் மீண்டும் வந்தது. ஆயினும், பழைய மருந்தைச் சிறிதே மாற்றிப் புதிய உரிமை கோருவதைத் தடுக்கும் விதி சட்டத்தில் உண்டு. 2013-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியை நிலைநாட்டிற்று.

பெரியவர்களுக்கு மருந்து மலிந்தது. குழந்தைகளுக்கு? கேளுங்கள் கொடுமையை! செல்வ நாடுகளில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவது ஏறத்தாழ நின்றுவிட்டது. எஞ்சிய நோயுற்ற குழந்தைகளோ ஏழை நாட்டுக் குழந்தைகள். இலாபம் தராத குழந்தைகளுக்காக எவர் மருந்து செய்வார்? தாய்மார்கள் பெரியவர்களின் மாத்திரையைக் கண்மதிப்பில் உடைத்துக் கொடுத்தனர். குழந்தைக்கென வந்த முதன்மையான நீர்மருந்து ஒன்றிலோ, நாற்பது விழுக்காட்டுக்கு மேல் சாராயம்! குமட்டும் கசப்பு! இன்றியமையா மருந்துகளின் முதற் பட்டியல் 1977-இல் வந்தது. குழந்தைகளுக்கெனத் தனிப் பட்டியல் வந்ததோ 2007-இல்! முப்பது ஆண்டு தாமதம்!

ஆனால், முயன்றால் முடியும் என்பதற்கும் சான்றுண்டு. காசநோய்க் குழந்தைகளுக்காக, நீரில் கரையும் பழச்சுவை மாத்திரையை 2016-இல் கென்யா முதன்முதலாக நாடு முழுவதும் வழங்கத் தொடங்கிற்று. டோலுடெக்ராவிர் எனும் எச்.ஐ.வி. மருந்தின் குழந்தை மாத்திரை, 2020-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 36 டாலர் விலைக்கு இசைந்து வந்தது. உரிமையாளரிடம் உரிமம் பெற்று, பிற நிறுவனங்கள் செய்த மாத்திரை அது. உரிமமும் உடன்பாடும் கைகோத்ததால் விழுந்தது விலை. நான் கண்ட குழந்தையின் நோயாகிய நிமோனியாவுக்கோ, கரண்டி நீரிலோ தாய்ப்பாலிலோ கரையும் அமாக்சிசிலின் மாத்திரை இன்று உண்டு. குளிர்ப்பெட்டி வேண்டா, முழு மருந்தும் மொத்தக் கொள்முதலில் ஏறத்தாழ அரை டாலர். இருந்தும், 2019-இல் மட்டும் நிமோனியாவால் உலகில் மாண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 7 இலட்சத்து 40 ஆயிரம்! அரை டாலர் மருந்து இருக்க, ஏன் இந்த அவலம்? மருந்து பிறந்துவிட்டது, குடிசைக்குப் போகும் வழிதான் பிறக்கவில்லை.

"மலிவு மருந்து நஞ்சாகாதோ?" என்பர் சிலர். நியாயமான அச்சமே. 2022-இல் காம்பியா நாட்டில் அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டதை, இந்தியாவில் செய்த இருமல் மருந்துகளோடு தொடர்புபடுத்தி எச்சரித்தது உலக நல நிறுவனம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் பிஞ்சுகளைக் கொன்ற மருந்து, நம் தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்டது. தலைகுனிவோடு ஒப்புகிறேன். ஆனால், அங்கே கொன்றது மலிவா? இல்லை! பேராசை, அதைக் கண்டும் காணாத சோதனை முறை. 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். வணிகப் பெயரை விடுத்து, வேதிப்பெயரில் மொத்தமாக ஒப்பந்தம் கோரி, ஆய்வுக்கூடங்களில் சோதித்து, அரசு மருத்துவமனைகளில் விலையின்றி வழங்கும் ஏற்பாடு அது. மலிவும் மாசின்மையும் ஒரே வண்டியில் வரமுடியும். ஓட்டுநன் பொதுநலமாக இருக்கவேண்டும்.

தம்பி! நீ மேடையேறு, மூடநம்பிக்கையைச் சாடு. வேண்டாமென்று நான் சொல்வேனா? ஆனால், இறங்கியதும் அரசு மருத்துவமனைக்குப் போ. குழந்தைகளுக்கான மருந்து இருப்பில் உண்டா எனக் கேள். இல்லையேல், வரும்வரை விடாதே. மருந்துக் கடையில் வேதிப்பெயரைச் சொல்லி விலை குறைந்ததைக் கேட்கத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடு. மருத்துவர் குறித்த நாள்வரை, குறித்த அளவு கொடுக்கச் சொல். உன் படிப்பகத்தில் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் ஏடுகளின் அருகே இருக்கட்டும்.

அந்த அக்கா இரண்டாவது புட்டி வந்த அன்றும் கயிற்றை அறுக்கவில்லை. குழந்தை எழுந்து நடந்த பின், ஒருநாள் குளிப்பாட்டும்போது அதுவாக அறுந்து விழுந்ததாம். மீண்டும் கட்டத் தோன்றவில்லை என்று, அடுத்த ஆண்டு விழாவில் என்னிடம் சொன்னாள். என் முழக்கம் அறுக்காத கயிற்றை, மருந்து அறுத்தது!