இங்கிதம்

நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் பரிமாறும் பெரியவர், இலையின்மேல் என் கை சற்றே தயங்கினால், அது ரசத்துக்காகக் காத்திருக்கும் தயக்கமா, போதும் என்ற தயக்கமா என்பதைக் கணநேரத்தில் நிச்சயித்துவிடுவார். நிச்சயப்படாதபோது வாளியோடு அடுத்த வரிசைக்குப் போய், அங்கிருந்தபடியே ஓரக்கண்ணால் பார்ப்பார். வடமொழியில் முகக்குறிப்பையும் சைகையையும் சுட்டிய ‘இங்கிதம்’ என்ற சொல், தமிழில் நயமான நடத்தைக்குப் பெயராகிவிட்டதன் நியாயம் அவரைப் பார்த்தபிறகுதான் எனக்கு விளங்கியது.

இந்த வித்தையைக் கம்ப்யூட்டருக்குப் பழக்க 1990-களில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் எரிக் ஹார்விட்ஸும் அவருடைய சகாக்களும் ‘லூமியர்’ என்ற பெயரில் முயன்றபோது, முதலில் மனிதர்களையே யந்திர வேஷம் கட்டச் செய்தார்கள். ஓர் அறையில் ஒருவர் எக்ஸெல்லில் கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருக்க, வேறோர் அறையில் அவருடைய திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நிபுணர், மவுஸ் அலையும் போக்கைக் கொண்டு அவர் கருத்தை ஊகித்து யோசனைகளைத் தட்டெழுதி அனுப்பினார். பரிசோதனைக்கு உட்பட்டவருக்கோ, உதவுவது ஏதோ புதிய யந்திரம் என்றே சொல்லப்பட்டிருந்தது. நடந்தது வேடிக்கை. ஊகம் தவறியபோதும் அந்த மனிதர், கையிலிருந்த காரியத்தை விட்டுவிட்டு, வந்த யோசனையைப் பரீட்சித்துப் பார்க்கக் கிளம்பினார். அதைக் கண்ட நிபுணர், தம் ஊகம் பலித்ததென்று நம்பி, அவரை அதே வழியில் இன்னும் தூரம் தள்ளிக்கொண்டு போனார். (நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு பல இப்படித்தான் முற்றுகிறது.) அனுபவப்பட்ட நிபுணர்கள் பிற்பாடு, ‘நீங்கள் செய்ய நினைப்பது இதுவானால்’ என்று நிபந்தனையோடு பேசக் கற்றுக்கொண்டார்களாம்.

ஆபீஸ் 97-இல் கண் முளைத்த காகித கிளிப்பாக வந்த உதவியாளன் இந்த ஆராய்ச்சியின் வாரிசு. ஆனால், ஒவ்வொருவருடைய திறமையையும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஆராய்ச்சி மாதிரியோடு நின்றுவிட்டது. கடைக்கு வந்த சரக்கில் அது இல்லை. ஆகையால், கடிதம் தொடங்கினால் கடிதம் எழுதுகிறீர்களா என்று நூறாம் தடவையும் புதிதாகவே விசாரித்தது அந்தக் கிளிப். 2001-இல் வந்த ஆபீஸ் எக்ஸ்பியில் அழைத்தால் மட்டும் வருமாறு ஒடுக்கப்பட்டு, ஆபீஸ் 2007-இல் அறவே மறைந்தது. உலகம் அதை மூடனென்று ஏசியது. என் அபிப்பிராயத்தில் அதற்குக் குறைந்தது புத்தியைவிட ஞாபகமே.

மூன்று வருஷங்களுக்கு முன், ஜலதோஷம் பிடித்திருந்த ஒரு மழைநாளில், மோர் வேண்டாமென்று பெரியவரிடம் சொன்னேன். இன்றும் மழை தூறினால் மோர்ச்செம்பு என் இலையைத் தாண்டிப் போய்விடுகிறது.