எங்கள் கராஜில் ஒரு விமானம்!

ஐந்து வருடம் எங்கள் கராஜில் கார் நின்றதே இல்லை. டெக்சாஸ் வெயிலில் இரண்டு கார்களும் வாசலில் காய்ந்தன. உள்ளே நிழலில் சொகுசாக இருந்தது, இவர் கட்டிய விமானம்.

இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் குட்டி விமானம். அலுமினியத் தகடுகளெல்லாம் கிட்டாக வாங்கியதுதான். பாதிக்கு மேல் வேலையை நாமே செய்தால் இப்படிக் கட்டிப் பறக்க அமெரிக்காவில் சட்டம் இடம் கொடுக்கிறது. இறக்கைக்கு நானும் ரிவெட் அடித்திருக்கிறேன். அதுவரை சந்தோஷமாகத்தான் இருந்தது.

எஞ்சின் என்று வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மற்றவர்கள் விமான எஞ்சின் வாங்குவார்கள். இவரோ பழைய மஸ்தா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி எஞ்சினோடு வந்து இறங்கினார். அதில் பிஸ்டன் கிடையாது. 654 சிசி வீதம் இரண்டு அறைகள், அதற்குள் சுழலும் முக்கோண ரோட்டர்கள், அவ்வளவுதான். "உடையறதுக்கே இதுல ஒண்ணுமில்லம்மா" என்று தடவிக் கொடுப்பார்.

எஞ்சின் உடையாமலே இருக்கட்டும். அதற்குப் பெட்ரோல் போய்ச் சேர வேண்டாமா?

கிட்டோடு வந்த வரைபடம் சாதாரண விமான எஞ்சினுக்கானது. டேங்கிலிருந்து எஞ்சினுக்கு ஒரு வழிப் பாதை. இந்த ரோட்டரிக்கோ கார் மாதிரி ஃப்யூயல் இன்ஜெக்ஷன். பம்ப் தேவைக்கு மேலேயே பெட்ரோலைத் தள்ளும், எஞ்சின் குடித்தது போக மீதி டேங்குக்குத் திரும்ப வேண்டும். அந்தக் குழாய்ப் பாதையை இவரேதான் வரைய வேண்டும். இவர் மூன்று மாதம் வரைந்தார். எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை.

ஒருநாள் தோசை வைக்கக் காகிதத்தை நகர்த்தியபோது கேட்டேன். "ரெண்டு இறக்கையிலும் டேங்க் இருக்கே, மீதி எதுக்குத் திரும்பும்?"

"இடதுக்கு."

"இடது ஏற்கெனவே நிரம்பியிருந்தா?"

விருதுநகரில் எங்கள் வீட்டு ஓவர்ஹெட் டேங்க் நிரம்பி வழிவதும், "மோட்டாரை அணைடி" என்று அம்மா கத்துவதும் ஞாபகத்துக்கு வந்ததால் கேட்டேன். இவர் பதில் சொல்லவில்லை. தோசை ஆறிப் போனது.

வலது டேங்கிலிருந்து எடுத்து, மீதியை நிரம்பிய இடதுக்கு அனுப்பினால், அது காற்றுக்குழாய் வழியாக வானத்தில் கொட்டும். வலது டேங்க் கணக்குக்கு முன்பே காலியாகும். மறுநாளே ஒரு வால்வுக்கு ஆர்டர் போட்டார். ஒரே கைப்பிடியைத் திருப்பினால் போகும் பாதை, வரும் பாதை இரண்டும் சேர்ந்து மாறும்.

அதன்பிறகு இவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். எஞ்சின் பக்கத்தில் வைத்த பம்புகளைக் கழற்றி, டேங்குக்கு அருகே தாழ்வாக மாற்றினார். தூரத்திலிருந்து உறிஞ்சினால் குழாயில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். கொடைக்கானலில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், பருப்புதான் வேகாது. அதே கதைதான். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியானால் பம்ப் வெறும் காற்றைத்தான் தள்ளும்.

வால்வின் கைப்பிடியை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் நான் சண்டையே போட்டேன். காரணம், பாடகர் ஜான் டென்வர். 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியதும் ஒருவர் வீட்டில் கட்டிய விமானம்தான். டேங்க் மாற்றும் கைப்பிடியை, வடிவமைப்பில் இருந்த இடத்தை விட்டு, விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார் அதைக் கட்டியவர். உடம்பைத் திருப்பி அதை எட்டினால் கால் தானாகவே பெடலை அழுத்திவிடும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. எங்கள் கைப்பிடி இப்போது இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், பார்த்தாலே தெரிகிற இடத்தில் இருக்கிறது.

பறக்கும் முன் ஒரு சோதனை. மேலே ஏறும்போது இருப்பது போல மூக்கைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி கேனில் பிடித்தோம். முழு வேகத்தில் எஞ்சின் மணிக்குச் சுமார் 60 லிட்டர் குடிக்கும். பம்ப் அதில் 125 சதவிகிதமாவது தர வேண்டும். 10 நிமிடத்துக்கு 12.5 லிட்டர். மகள் ஸ்டாப்வாட்ச், நான் தீயணைப்பான். முதல் பம்ப் தாராளமாகத் தேறியது. இரண்டாவது பம்புக்கு 9 லிட்டர்தான் வந்தது. பிரித்துப் பார்த்தால், டேங்க் ஒட்டும் பசையில் ஒரு துணுக்கு, சுண்டைக்காய் அளவு, வடிகட்டியில் உட்கார்ந்திருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இப்போது விமானம் ஊருக்கு வெளியே ஒரு ஹேங்கரில் நிற்கிறது. முதல் 40 மணி நேரம் இவர் தனியாகத்தான் பறக்க வேண்டும், பயணி கூடாது. 31 முடிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் "இறங்கிட்டேன்" என்று மெசேஜ் வரும்வரை நான் குக்கர் வைப்பதில்லை, விசில் எண்ண முடியாது.

போன ஞாயிறு நின்றிருந்த விமானத்தில் ஏறி உட்கார்ந்தேன். இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று முன்னால் ஒரு பலகை பயணியை எச்சரிக்கிறது. படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வலது" என்றார். கையை நீட்டித் திருப்பினேன்.

"இடது."

கண்ணைத் திறக்காமல் இன்னும் பத்து முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.