கடலுக்குப் போகும் தண்ணீர்

சிம்மக்கல், மதுரை, சித்திரை 28

அழகருக்காக அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் வடிந்து, வைகை பழையபடி மணலும் ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கிறது. பள்ளி விடுமுறை இன்னும் முடியவில்லை. இந்த நாட்களில் மதுரைக் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொடைக்கானல், அடுத்தது ராமேஸ்வரம். ராமேஸ்வரம் போகிறவர்கள் தீர்த்தமாடி, தனுஷ்கோடி பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கைக்குழந்தையோடும் வயதான அத்தை மாமாவோடும் போகிற குடும்பத்துக்கு ஏற்ற கரை வழியிலேயே இருக்கிறது. உச்சிப்புளியில் வடக்கே பிரிந்தால் அரியமான். சவுக்கு நிழல், மெல்லிய மணல், ஆழம் மெதுவாகக் கூடிக்கொண்டே போகும் கடல். இன்னும் வடக்கே, தொண்டிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் காரங்காடு. அங்கே வனத்துறையும் ஊர் மீனவர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். இரண்டும் பாக் விரிகுடாவின் கரைகள். ராமேஸ்வரம் பக்கத்தில் இந்த வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வைகாசி, ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஆண் கடலைக் கொந்தளிக்க வைக்கும்போது, பெண் கடல் ஏரியைப் போல அடங்கியிருக்கும்.

இந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டால், அந்தக் கரைக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு புரியத் தொடங்கும். ஒரு பாதி நில அமைப்பு. கிழக்கே இலங்கையும் தெற்கே ராமேஸ்வரம் தீவும் மணல்திட்டுகளும் பெருங்கடலின் அலைகளை மறிக்கின்றன; விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. மறு பாதி உயிருள்ளவற்றின் வேலை. கடலடியில் விரிந்திருக்கும் கடற்புல் மணலைப் பிடித்து வைக்கிறது, கழிமுகங்களில் அலையாத்தி சேற்றைப் பிடித்து வைக்கிறது. கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும் நாடா போன்ற அந்தப் புல்லைப் பலரும் குப்பை என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசு தின்று வாழ்வது அந்தப் புல்லைத்தான். அதற்காகவே 2022இல் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசு காப்பகமாக அறிவித்தது.

வைகாசி 5

மதுரையில் யாரிடம் பேசினாலும், மழைக்காலத்தில் எந்த நாளிதழைப் பிரித்தாலும், தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு: “தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது.” இந்த வாக்கியம் தவறு என்பது என் கட்சி. அதற்குச் சான்று அந்த அலையாத்திக் காடுகளிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு நியாயமான சந்தேகம். அலையாத்தி உப்பு நீரில் வளரும் மரமாயிற்றே, அதற்கு ஆற்று நீர் எதற்கு? மரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பதில் தெரியும். பாக் விரிகுடாக் கரையில் பெரும்பாலும் நிற்பது வெண்கண்டல். அதன் இலையில் வெயில் நேரத்தில் உப்புப் படிகங்கள் பூத்திருக்கும். விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகள் வழியாக அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு நூற்றுக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நிற்கும். அவை மூச்சு வேர்கள். காற்றுப் புகாத சேற்றில் புதைந்த வேர்களுக்கு அவைதான் மூக்கு. உப்பை வெளியேற்றவும் மூச்சுவிடவும் இத்தனை பாடுபடுகிற மரத்தை உப்பை விரும்பும் மரம் என்று சொல்ல முடியாது. அது உப்பைத் தாங்குகிற மரம், தாங்குவதற்கும் அளவு உண்டு. வளர்ந்த மரம் சமாளித்துக்கொள்ளும், முளைத்து எழும் கன்றுதான் தோற்றுப்போகும்.

இதைத் தமிழ்நாடு பட்டுத் தெரிந்துகொண்ட இடம் பிச்சாவரம். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அங்கே பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்து மரம் வெட்டினார்கள். வெட்டிய இடம் தானாகத் தழைக்கும் என்பது எதிர்பார்ப்பு. தழைக்கவில்லை. நிழல் போனதும் சேறு காய்ந்து அமிழ்ந்து நிலம் குழிந்தது. ஏற்றத்தில் வந்த கடல்நீர் வடிய வழியின்றி அந்தக் குழியில் தேங்கி ஆவியானது. உப்பு மட்டும் தங்கி ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. நட்ட கன்றும் பிழைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அந்தக் குழிகளுக்குள் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வந்துபோக வழி செய்தார்கள். உப்பு குறைந்தது, கன்றுகள் நின்றன. பின்னர் முத்துப்பேட்டையிலும் இதே முறை கையாளப்பட்டது. காட்டைக் கொன்றது கோடரி மட்டும் இல்லை, ஓட்டம் நின்றுபோன தண்ணீரும்தான்.

பாக் விரிகுடாவில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஏற்றம் பெரிதாக இருக்கும் வங்காளத்துச் சுந்தரவனத்தைப் போல இங்கே கடலே தினமும் சேற்றை அலசிவிடாது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையும் அந்த மழையில் வரும் ஆற்று வெள்ளமும்தான் ஆண்டுக்கு ஒருமுறை உப்பைக் கழுவ வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலிருக்கும் பிச்சாவரத்தில் சுரபுன்னை, தில்லை என்று பல வகை மரங்கள் கலந்து நிற்கின்றன. காவிரிப் படுகையின் கடைமடையான முத்துப்பேட்டை பரப்பில் பெரியது. ஆனால் பெரும்பகுதி வெண்கண்டல் மட்டுமே. நன்னீர் குறையக் குறைய, மிகவும் உப்புத் தாங்கும் ஒரே மரம் மிஞ்சுகிறது. தமிழ்நாட்டின் அலையாத்திப் பரப்பு மொத்தமே சுமார் 45 சதுர கிலோமீட்டர்தான் என்றது 2021 வன அறிக்கை. ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரைக்கு இது மிகச் சிறிய சொத்து.

வைகாசி 9

எதிர்வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியது இல்லை. வைகை 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. அது நிரம்பி மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைத் தொடும். பல ஆண்டுகளில் தொடுவதே இல்லை. குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் மாவட்டம் ராமநாதபுரம். வைகையின் பூர்வீகப் பாசனத்துக்கு ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை என்று 7:3:2 பங்கு பிரித்திருக்கிறார்கள். இந்த நிலையில் கடலுக்கும் ஒரு பங்கு கேட்பது, பசித்தவன் சோற்றில் கைவைப்பது ஆகாதா?

அணையைத் திறந்து கடலுக்கு நீர் விடச் சொல்வதாக இருந்தால் ஆகும். நான் கேட்பது அது இல்லை. பெருமழை ஆண்டில் கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாயும்போது, அந்த உபரியையும் கடைசிச் சொட்டு வரை மறிக்கும் திட்டங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். ‘வீண்’ என்று தலைப்பில் எழுதிவிட்டுத் தொடங்கும் திட்டம், கழிமுகத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைக் கேட்கவே கேட்காது. கழிமுகத்தில் இருப்பதும் ராமநாதபுரத்துச் சோறுதான். இறால் குஞ்சுகள் வெளிக்கடலில் பொரிந்து, வளர்வதற்கு அலையாத்தி வேர்களுக்கிடையில் வந்து ஒதுங்குகின்றன. சேற்று நண்டும் மடவையும் அங்கேதான் பெருகுகின்றன. காட்டைச் சுற்றி நாட்டுப் படகில் வலை போடுகிற குடும்பத்துக்கு அந்த வேர்க்கூட்டமே வயல். வயலுக்குப் பாயும் தண்ணீரைப் பாசனம் என்கிறோம். இதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையை அடுத்த அழகன்குளத்தில் அகழ்ந்தபோது ரோமானியக் காசுகளும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. வைகையின் முகத்துவாரம் ஒரு காலத்தில் பாண்டியர்களின் வாசல். அந்த வாசலில் தண்ணீர் வருவதை வீண் என்று சொல்லும் பழக்கம் பின்னால் வந்தது.

ஆனி 2

இன்னொரு மறுப்பு சூழல் ஆர்வலர்களிடமிருந்து வருகிறது: அத்தனை அருமையான காடு என்றால் மக்களை ஏன் அழைக்க வேண்டும், விட்டுவிடலாமே? மூச்சு வேர்கள் மேல் ஒருவர் நடந்தாலே ஒடியும். விடுமுறை நாள் கூட்டம் இறங்கினால் சேறு இறுகிக் காடு மூச்சுத் திணறும். உண்மைதான். அதனால்தான் நடைபாதை வேண்டும் என்கிறேன். முத்துப்பேட்டைக் கழிமுகத்துக்குள் வனத்துறை தூண்கள் நட்டு மரப்பாதை போட்டிருக்கிறது. ஏற்றத்தில் தண்ணீர் கீழே தாராளமாக வந்துபோகிறது. பலகை இடுக்கில் ஒளி விழுகிறது. எவ்வளவு பேர் வந்தாலும் கால் படுவது அந்தச் சிறு அகலத்தில் மட்டும். மேலே நிற்கிற குழந்தைக்கு ஓர் அடி கீழே ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டும், சேற்றில் தத்தும் மீனும் தெரியும். மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல் தொங்கும் சுரபுன்னை நாற்றைக் கண்ணெதிரே பார்க்கலாம். இப்படி ஒரு காட்டைப் பார்த்த பிள்ளை, ‘வீண்’ என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக நம்பாது.

ஆனால் பாதை குறுகலாகவே இருக்க வேண்டும். சுற்றுலா வருமானம் கூடியதும் அகலப்படுத்து, கான்கிரீட் போடு, கடைகள் கட்டு, கரைப் புல்லை வாரிக் கொட்டு என்று கோரிக்கை எழும். வரும் கூட்டத்துக்கேற்பப் பாதையை வளர்க்காமல், பாதை தாங்கும் அளவுக்குக் கூட்டத்தை நேரம் பிரித்து அனுப்ப வேண்டும். காரங்காட்டில் ஊர்க்காரர்களே படகு ஓட்டுவதை நான் பெரிதும் மதிப்பதற்கும் இதுதான் காரணம்: காடு கெட்டால் மறுநாள் வலையில் இழப்பு அவர்களுக்கு, கட்டுப்பாட்டை அவர்களை விட யார் உண்மையாகக் காப்பார்கள்?

ஆனி 11

அலையாத்தி சுனாமியைத் தடுத்தது என்று மேடைகளில் சொல்கிறார்கள். 2004க்குப் பின் வந்த ஆய்வுகள் பிச்சாவரத்தை ஒட்டிய ஊர்களில் சேதம் குறைவு என்றன. அதே எண்களை மறுபடி கணக்கிட்ட வேறு ஆய்வாளர்கள், கடலிலிருந்து ஊரின் தூரமும் தரைமட்டமும்தான் முக்கியக் காரணம் என்றார்கள். 2018 கஜா புயலில் முத்துப்பேட்டைக் காடே பெரும் சேதம் கண்டது. ஆகவே என் வாதத்தை அந்தத் தூணில் சாய்க்க விரும்பவில்லை. நண்டும் இறாலும் அமைதியான கரையும் போதும். கடல் எப்போதும் அமைதி என்றும் யாரும் நம்ப வேண்டாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தப் பக்கத்துக் கடல்மீதுதான் வந்தது. ஐப்பசி முதல் தை வரை வடகிழக்குக் காற்றில் பெண் கடலும் சீறும். அந்த மாதங்களில் குழந்தைகளோடு நீரில் இறங்கக் கூடாது.

ஆடி 3

இதில் சிம்மக்கல்லின் பங்கு என்ன? வடகரையில் பந்தல்குடிக் கால்வாய் கழிவைச் சுமந்து வந்து வைகையில் கலக்கிறது. ஆற்றில் தண்ணீர் வராத நாட்களில் பாலத்துக்குக் கீழே நகர்வது பெரும்பாலும் சாக்கடைதான். பழக்கடைகளிலிருந்தும் சந்தைகளிலிருந்தும் ஆற்றுக்குள் போகும் பாலித்தீன் பைகள் அடுத்த வெள்ளம் வரை மணலில் காத்திருக்கின்றன. வெள்ளம் வந்ததும் கண்மாய்க்குக் கண்மாய் நகர்கின்றன. மறுகால் பாயும் ஆண்டில் கடலுக்கும் போகும். அலையாத்திச் சேற்றில் ஒரு பை விழுந்தால் மூச்சு வேர்கள் மேல் போர்வையாகப் படுத்துவிடும். அடியில் முளைத்திருக்கும் கன்று எழாது. நகராட்சியோ மாநகராட்சியோ, ஆற்றுக்குள் விழும் ஒவ்வொரு கழிவு வாய்க்காலின் வாயிலும் வலையும் சுத்திகரிப்பும் இருக்கிறதா என்று வெள்ளம் வரும் முன் ஆவணியிலேயே பார்க்க வேண்டும், ஐப்பசியில் பார்த்தால் நேரம் கடந்திருக்கும். குடும்பத்தோடு அரியமானுக்கும் காரங்காட்டுக்கும் போய்வருகிறவர்கள் இதை வார்டு கூட்டத்தில் கேட்கலாம். கேட்பதற்கு அவர்களை விடத் தகுதியானவர்கள் இந்த ஊரில் இல்லை.