புளி எட்டாத இடம்

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் கை என் அம்மாவுடையது; எனக்கும் அதே கைதான். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து வந்த உலோகத்தின் பக்கம் புளியைக் கொண்டுபோகவே கூடாது என்று, வார்ப்புப் பட்டறையில் இருந்த காலத்தில் கற்றுக்கொண்டேன்.

மலேசியாவில் மூவார் பக்கம் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட மண்ணைப் புரட்டியபோது அகப்பட்டதென்று உறவுக்காரப் பையன் ஒன்றைக் கொண்டுவந்தான். “பழைய குவளை மாமா. நல்லாத் தேய்ச்சிட்டேன்.” வெளிப்புறம் பளபளத்தது. எனக்கு வயிறு எரிந்தது. பச்சைக் களிம்பு வெறும் அழுக்கல்ல. செம்பும் ஈரமும் காற்றும் சேர்ந்து பல வருடம் பிடித்து உண்டாக்கிய தோல் அது. எழுத்தோ கோலமோ இருந்தால் அந்தத் தோலோடு உரிந்து போகும்.

நான் முதலில் கையில் ஏந்திப் பார்ப்பேன். பிறகு காந்தம். அப்புறம் தராசு: சும்மா ஒரு நிறுவை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு நிறுவை. முதல் எடையை, தண்ணீரில் குறைந்துபோன அளவால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3. இரண்டையும் நாம் ‘ஈயம்’ என்றே சொல்கிறோம். தராசு அப்படிச் சொல்லாது. கோத்தா திங்கியில் ஜொகூர் ஆற்றோரம் கிடைக்கும் சுல்தான் காலத்து வெள்ளீயக் காசை வலைக் குண்டென்று தூக்கிப் போடாமலிருக்க இது போதும்.

பையனின் ‘குவளை’யின் வெளிப்புறத்தில் காந்தம் பிடிக்கவில்லை. கவிழ்த்தேன். உச்சியில் கயிறு கோக்க வளையம். உட்புறத்தைப் புளி தொடவில்லை. மண் அப்படியே இருந்தது. மூங்கில் குச்சியால் மெல்ல நெருடினேன். உச்சிக்கு நேர் கீழே துருக்கட்டி. காந்தம் அங்கே லேசாக இழுத்தது. இரும்பு நாக்கு தொங்கிய இடம். உள்விளிம்பில் எதிரெதிரே இரண்டு தேய்மானம், நாக்கு அடித்து அடித்து வழுவழுத்தவை. மாட்டு மணி. தோட்டத்து வண்டிமாட்டின் கழுத்தில் கிடந்திருக்கும்.

கவிழ்ந்த மணி பாத்திரமாகத் தெரிவது புதிதல்ல. நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்த வெண்கலச் சட்டியை, சுமார் 1836இல் வில்லியம் கொலென்சோ பார்த்தார். விளிம்பு உடைந்த அந்தச் சட்டியில் ஓடிய எழுத்து தமிழ். முகைதீன் பக்சின் கப்பல் மணி என்று அதில் பொறித்திருந்தது. இன்று வெலிங்டனின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுப்பில் ஏறியும் எழுத்து பிழைத்தது. புளியில் ஊறியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

மூவாரிலேயே, கம்போங் பென்ச்சுவில், வியட்நாமின் டோங்சோன் மரபு வெண்கல மணி ஒன்று கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடப் பழசு. அதே மண் என்பதால் பையனிடம் சொன்னேன்: “அடுத்த தடவை எடுத்த இடத்தைப் படம் பிடி, ஆழத்தைக் குறி, கழுவாதே. பழசென்று தோன்றினால் மாவட்ட அதிகாரியிடம் சொல்லு, 2005ஆம் ஆண்டு மரபுடைமைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. வெடிகுண்டு மாதிரி தெரிந்தால் தொடவே தொடாதே, போலீசைக் கூப்பிடு.”

அவன் மணியைத் திருப்பி உள்ளே பார்த்தான். “இதை மட்டும் தேய்க்கலை மாமா, கை நுழையலை.”

நல்லவேளை, சின்ன மணி.