ரைன் நதிக்கரையில் ஒரு பாழ்ங்கோயில்

ஜெர்மனி தேசத்துக் கோப்ளென்ஸ் நகரினின்றும் ரைன் நதிக்கரையோரமாகத் தெற்கு நோக்கி மோட்டார் பஸ்ஸில் பிரயாணம் செய்வோர்க்குக் கண்ணுக்கு விருந்து ஏராளம். மோஸல் ஆறு ரைனோடு கலக்கும் சங்கமம், மலைச்சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள், குன்றுதோறும் கோட்டைகள், எதிர்க்கரையில் 132 மீட்டர் உயர்ந்து நிற்கும் லோரலைப் பாறை ஆகியவற்றை யானும் கண்டு களித்தேன். எனினும், என் நெஞ்சைவிட்டு அகலாதது பாகராக் என்னும் சிற்றூரில் கூரையின்றி நிற்கும் வெர்னர் கோயிலே.

பார்வைக்கு அது பேரழகு, பிறப்போ பெரும்பழி. 1287ஆம் ஆண்டில் வெர்னர் என்னும் கூலிப் பையன் பிணமாகக் கிடந்தான். யூதர்கள் தம் சமயச் சடங்கிற்காக அவனைக் கொன்றனர் என்று ஆதாரமின்றிக் கதை கட்டினர். அப்பொய்யை நம்பிய கூட்டம் ரைன் கரை ஊர்களில் யூதர்களைக் கொன்று குவித்தது. இறந்த சிறுவனைப் புனிதனாக்கி அவன் பெயரால் இக்கோயிலையும் எழுப்பினர்.

1689இல் பிரெஞ்சுப் படையினர் மேலிருந்த ஸ்டாலெக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தபோது, விழுந்த கற்களால் இக்கோயிலும் சிதைந்தது. பொய்யோ சிதையவில்லை. ட்ரியர் நகரக் கத்தோலிக்க மேற்றிராசனம் வெர்னரின் திருநாளைத் தன் நாட்காட்டியினின்றும் நீக்கியது 1963ஆம் ஆண்டிலேதான். அதற்குள் நாஜி ஆட்சி 60 லட்சம் யூதர்களை மாய்த்துவிட்டது.

இன்று அவ்விடிபாட்டில், யூதர்க்கு இழைத்த தீங்கிற்கு மன்னிப்பு வேண்டும் வாசகம் பொறித்த பலகை ஒன்றுள்ளது. உல்லாசமாய் வருவோர் முன் ஊரின் பழியை மறைக்காத அச்செயலை வியந்தேன். அன்பர்களே! கற்கோயில் இடிய ஒருநாள் போதும். அதனை எழுப்பிய பொய் இடிய 676 ஆண்டுகள் வேண்டியிருந்தன.