கிணறு அந்தப் பக்கம்

2024 ஜூன் 9, ஞாயிறு

மாதம்பட்டி வரை போய்வந்தேன். கோவை மேற்குப் புறவழிச்சாலைக்கு மண் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். மதுக்கரை அருகே மைல்கல்லில் கிளம்பி, நரசிம்மநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டைத் தொடப்போகிறது; மொத்தம் 32 கி.மீ. சொச்சம். இப்போது நடப்பது மாதம்பட்டி வரையிலான முதல் கட்டம். பாலக்காட்டிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற லாரிக்கு ஊருக்குள், உக்கடத்தில் என்ன வேலை? ரோடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஜூன் 22, சனி

அந்த வழியில் ஒரு தோப்பைப் புது ரோடு நடுவில் பிளந்துகொண்டு போகிறது. "கெணறு அந்தப் பக்கம், மரம் இந்தப் பக்கமுங்க. தண்ணி எப்படிங்க வரும்?" என்றார் தோப்புக்காரர். ரோட்டுக்கான மண்கரை எழும்புமுன் குறுக்கே ஒரு குழாயைப் பதித்துவிட்டால் செலவு சொற்பம். தார் போட்ட பிறகு எந்த அதிகாரி உடைக்க விடுவார்? ஓடை என்றால் வரைபடத்தில் இருக்கும், அதற்குச் சிறுபாலம் வந்துவிடும். இவருடைய பி.வி.சி. குழாய் எந்த வரைபடத்திலும் இல்லை.

இழப்பீட்டிலும் வருத்தம். வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துப் பத்திரங்களையும் வைத்துத்தான் விலையைத் தீர்மானிக்கிறார்கள். முத்திரைத்தாள் செலவை மிச்சம்பிடிக்க விலையைக் குறைத்து எழுதியவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து இவர் தலையில் கைவைத்துவிட்டார்கள். சொன்னேன், சிரித்தார். "நானும் அப்படித்தானுங்க எழுதுனேன்."

ஜூலை 7, ஞாயிறு

நீலாம்பூரிலிருந்து மதுக்கரைக்குப் பழைய பைபாஸில் வந்தேன். 28 கி.மீ., இருவழிதான். தனியார் போட்டுச் சுங்கம் வசூலிக்கும் முறையில் நாட்டில் முதலில் வந்த சாலைகளில் இதுவும் ஒன்று. ஊருக்கு வெளியேதான் போட்டார்கள். ஊர் தேடிக்கொண்டு வந்துவிட்டது. சிந்தாமணிப்புதூரில் திருச்சி ரோடு, ஈச்சனாரியில் பொள்ளாச்சி ரோடு, இடையில் குடோன், பேக்கரி, சைட். ஆளாளுக்கு ஒரு வாசல். லாரி வேகமாக வருகையில் பேக்கரியிலிருந்து ஒரு மொபெட் சாவகாசமாக ஏறுகிறது. ரோடு குறுகல் என்கிறார்கள். எனக்கென்னவோ வாசல்கள்தான் அதிகம் என்று தோன்றுகிறது. புதியதிலாவது அணுகுசாலைக்கு இப்போதே இடம் ஒதுக்கி, நேர்வாசல் கிடையாது என்று சொல்லிவிடவேண்டும். ஆனால் ரோடு போடுவது ஒரு துறை, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது இன்னொரு துறை.

ராத்திரி தோப்புக்காரர் போன் செய்தார். ரோட்டுக்குக் குறுக்கே குழாய் பதிக்கக் கேட்டு அவருக்காக எழுதிய மனு தயார் என்றேன். கொஞ்சம் தயங்கினார். "இருங்க, அவசரமில்லீங்க. தோப்பை வெலைக்குக் கேட்டு ஒருத்தர் வந்தாருங்க. பைபாஸ் ஓரம்னு சென்டுக்கு நல்ல வெலையாத்தான் சொல்றாரு."